100 டொலருக்கு யாழ்ப்பாணத்தில் எத்தனை ரூபா? மலாயாக் காசும் 1967 நவம்பரும்

யாழ்ப்பாணத்து ஊர்களின் விழா மலர்களைப் புரட்டினால் மலாயாக் காசு எங்காவது ஒரு பக்கத்தில் தட்டுப்படும். மடைப்பள்ளி, கேணிப் படிக்கட்டு, பாடசாலை மண்டபம், நாற்சார் வீடு என்று ஏதோ ஒன்றுக்கு இன்னார் மலாயாவிலிருந்து இத்தனை டொலர் அனுப்பினார் என்று இருக்கும். பக்கத்திலேயே 'இன்றைய பெறுமதி' என்று ஒரு தொகையும் போட்டிருப்பார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் பிழை. இன்றைய மலேசிய ரிங்கிற்றின் விலையால் அன்றைய டொலரைப் பெருக்கிவிடுகிறார்கள். 1938இல் வந்த 500 டொலர் யாழ்ப்பாணத்தில் 777 ரூபா 78 சதம். இன்றைய வீதத்தில் பெருக்கினால் முப்பதாயிரம் ரூபாவைத் தாண்டும். அந்த முப்பதாயிரம் அன்றைய காசையும் காட்டாது, இன்றைய பெறுமதியையும் காட்டாது.

மலரில் வரும் பிழையோடு இது நிற்பதில்லை. ஆதனப் பிரிவினையில் யார் எவ்வளவு போட்டார் என்ற வழக்கிலும், பழைய ஈட்டுக் கடனிலும், கோயில் தர்மகர்த்தாக்களின் கணக்கிலும் இதே கேள்விதான் வருகிறது. அதனால் 100 டொலர் என்ற ஒரே தொகையை எடுத்து, 1906 முதல் 1977 வரை அது யாழ்ப்பாணத்தில் எத்தனை ரூபாவானது என்று இங்கே படிப்படியாகப் பார்க்கிறோம். கணக்கு கைக்கு அடங்கவே 100 என்று வைத்திருக்கிறோம். நடுவில் நிற்பது 1967 நவம்பர் மாதத்து ஒரு வாரம். நாற்பது ஆண்டுகள் ஒரே இலக்கமாக இருந்த விடை அந்த வாரத்தில் மூன்றாகப் பிரிந்தது.

முதலில் அந்த ஒரே இலக்கம் எங்கிருந்து வந்தது என்பது. மலாயா டொலருக்கும் இலங்கை ரூபாவுக்கும் இடையில் நேரடிப் பந்தம் எதுவும் இருக்கவில்லை. இரண்டையும் தனித்தனியே ஸ்ரேர்லிங் பவுணில் கட்டியிருந்தார்கள். பவுணுக்கு 20 சிலிங், சிலிங்குக்கு 12 பென்ஸ். 1906 ஜனவரியில் ஸ்ரெயிற்ஸ் டொலரின் (மலாயா டொலரின் அன்றைய பெயர்) விலை 2 சிலிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ் என்று நிறுத்தப்பட்டது. இலங்கை ரூபா இந்திய ரூபாவோடு ஒன்றுக்கு ஒன்றாக நடந்தது. 1927இல் இந்திய ரூபா 1 சிலிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ் என்று சட்டமானது. 28ஐ 18ஆல் வகுத்தால் 1.5556. ஆக 100 டொலர் என்பது 155 ரூபா 56 சதம். பவுண் வழியாகச் சரிபார்க்கலாம்: 100 டொலர் என்பது 2,800 பென்ஸ், அதாவது 11 பவுண் 13 சிலிங் 4 பென்ஸ். பவுணுக்கு 13 ரூபா 33 சதம். விடை அதேதான்.

1927க்கு முன்னர் இந்த இலக்கத்தைப் போடக் கூடாது. முதல் உலகப் போருக்கு முன் ரூபாவின் விலை 16 பென்ஸ். அப்போது 100 டொலர் 175 ரூபா. போர்க் காலத்தில் வெள்ளியின் விலை ஏறியதும் வெள்ளி நாணயமான ரூபாவின் விலையும் படிப்படியாக ஏறியது: 1917இல் 17 பென்ஸ், 1918இல் 18, 1919 மே மாதத்தில் 20, அதே ஆண்டு டிசம்பரில் 28 பென்ஸ். டொலரோ 28 பென்ஸிலேயே நின்றது. 1919 டிசம்பரில் 100 டொலர் வெறும் 100 ரூபாதான். மலாயாவில் றெயில்வேயிலோ நில அளவைப் பகுதியிலோ வேலை செய்தவர் மாதாமாதம் அதே 100 டொலரை வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும், மானிப்பாயில் கையெழுத்திட்டு எடுத்த காசு 175இலிருந்து 100ஆக இறங்கியிருக்கும். கணக்குப் புத்தகத்தில் 1919–20 வரவு திடீரென்று குறைந்திருந்தால், அனுப்பியவர் கையைச் சுருக்கினார் என்று உடனே எழுதிவிடாதீர்கள். 1921இல் ரூபா மீண்டும் 16 பென்ஸுக்கும் கீழே விழுந்தது. ஆகையால் 1917 முதல் 1926 வரையான கடிதங்களுக்கு ஆண்டுச் சராசரி உதவாது, மாத வீதமே வேண்டும்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது முதல் 1945 செப்டெம்பர் வரையான 'டொலர்' வேறு விடயம். அது ஜப்பானியர் அச்சிட்ட, வாழைமரப் படம் போட்ட தாள். ரூபாவுக்கும் அதற்கும் மாற்று வீதமே இல்லை. போர் முடிந்ததும் அது செல்லாக் காசானது. அந்தக் காலத்துக் கொடுக்கல் வாங்கல்களைத் தீர்க்க 1948இல் மலாயாவில் கடனாளி, கடன் கொடுத்தோர் சட்டம் ஒன்று வந்தது. தாள் கைமாறிய தேதியைப் பொறுத்து அதன் பெறுமதியைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை அதில் உண்டு. அந்தத் தொகைகளை 1.5556ஆல் பெருக்குவது பெரும் பிழை.

1949 செப்டெம்பரில் பவுண் 4.03 அமெரிக்க டொலரிலிருந்து 2.80க்கு இறங்கியது. மலாயாவும் இலங்கையும் இந்தியாவும் கூடவே இறங்கின. அமெரிக்க டொலருக்கு 4 ரூபா 76 சதம் என்ற வீதம் அப்போது பிறந்ததுதான். மலாயா டொலர் அமெரிக்க டொலருக்கு 3.06 என்றானது. ஆனால் 4.76ஐ 3.06ஆல் வகுத்துப் பாருங்கள், பழைய 1.5556தான் வரும். 1949இல் ரூபா மதிப்பிறங்கியது என்று படித்துவிட்டு மலாயாக் காசுக்கும் புதிய வீதம் போடுபவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றாக இறங்கியதால் இடையில் எதுவும் மாறவில்லை. 1950 ஓகஸ்ட் 28இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கியபோதும் இந்த இலக்கம் அசையவில்லை.

அசைவின் முதல் அறிகுறி இந்தியப் பக்கத்திலிருந்து வந்தது. 1966 ஜூன் 6இல் இந்தியா தன் ரூபாவை அமெரிக்க டொலருக்கு 4.76இலிருந்து 7.50க்கு இறக்கியது. இலங்கை இறக்கவில்லை. அன்றுவரை சிதம்பர யாத்திரைக்கும் சென்னையில் படிக்கும் பிள்ளைக்கும் ஒன்றுக்கு ஒன்றாகக் கணக்குப் போட்டவர்களுக்கு, உத்தியோக வீதப்படி 100 இலங்கை ரூபாவுக்கு 157 இந்திய ரூபா 50 பைசா என்றானது. 'இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் ஒன்று' என்பதை 1966 நடுப்பகுதிக்குப் பின்னான கணக்கில் போட்டால் தொடக்கத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறிவிடும்.

இனி 1967.

அந்த ஆண்டு ஜூன் 12இல் மலேசியாவும் சிங்கப்பூரும் புருணையும் தனித்தனியே புதிய தாள்களை வெளியிட்டன. அதுவரை மூன்றுக்கும் பொதுவாக நாணயச் சபை ஒன்று வெளியிட்ட டொலரே புழங்கியது. பழையதும் புதியதும் ஒன்றுக்கு ஒன்று என்பதால் பொதுமக்கள் இரண்டையும் கலந்தே வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டின் அடித்தளமும் வேறு. பழைய தாளின் பின்னால் நின்றது ஸ்ரேர்லிங் சேமிப்பு. புதியதன் பெறுமதியைப் பொன்னில் குறித்திருந்தார்கள். ஐந்து மாதங்களுக்கு இந்த வேறுபாடு எவர் கண்ணிலும் படவில்லை.

நவம்பர் 18, சனிக்கிழமை. பிரித்தானியா பவுணை 2.80இலிருந்து 2.40க்கு இறக்கியது. மலேசியா புதிய டொலரை இறக்க மறுத்து, அமெரிக்க டொலருக்கு 3.06 என்பதிலேயே நிறுத்தியது. பழைய தாள் பவுணோடு சேர்ந்து இறங்கியது. ஒரு பழைய டொலருக்குப் புதிய காசில் 85 சதம் என்று தீர்ந்தது. பெட்டியில் பழைய தாளை வைத்திருந்த ஏழை எளியவர்களுக்கு ஒரே நாளில் நூற்றுக்குப் பதினைந்து போனது. நவம்பர் 24இல் பினாங்கில் கடையடைப்பு நடந்து கலவரமாக முடிந்ததற்கு இதுவே உடனடிக் காரணம்.

அதே வாரத்தில் இலங்கையும் இறக்கியது, பிரித்தானியாவை விடக் கூடுதலாக. தேயிலை விலை சரிந்து செலாவணி வற்றியிருந்த நேரம் அது. டட்லி சேனநாயக்க அரசின் நிதியமைச்சர் யூ. பி. வன்னிநாயக்க. அமெரிக்க டொலருக்கு 4.76 ஆக இருந்த ரூபா 5.95 ஆனது. பவுண் 13.33இலிருந்து 14 ரூபா 28 சதமானது.

இங்கே நூற்றுவீதத்தில் வழுக்காமல் இருக்க வேண்டும். இலங்கையின் மதிப்பிறக்கம் 20 வீதம் என்று அறிக்கைகளில் இருக்கும். அது ரூபாவின் பக்கமிருந்து பார்த்த கணக்கு. டொலரின் பக்கமிருந்து பார்த்தால் 4.76 என்பது 5.95 ஆனது 25 வீத ஏற்றம். வெளிநாட்டுக் காசு பெறுபவருக்கு இந்த 25தான் பொருந்தும். இந்தியாவின் 36.5 வீத இறக்கம் டொலர் பக்கத்தில் 57.5 வீத ஏற்றம். பிரித்தானியாவின் 14.3 அந்தப் பக்கத்தில் 16.7. 'இருபது வீதம் இறங்கியது, ஆகவே 155.56ஓடு இருபது வீதத்தைக் கூட்டுவோம்' என்றால் 186.67 வரும். அது பிழை.

சரியான விடை எது? 'மலாயாவிலிருந்து 100 டொலர்' என்ற சொல் மட்டும் இதற்குப் போதாது. வருமானம் எந்தக் காசில் எழுதப்பட்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

மலாயாவில் வேலை செய்து ஓய்வு பெற்றவரின் பென்சன் மலேசிய டொலரில் குறிக்கப்பட்டிருந்தால், 5.95ஐ 3.0612ஆல் வகுத்து 1.9437. 100 டொலருக்கு 194 ரூபா 37 சதம். முன்னர் 155.56. கால் பங்கு கூடுதல்.

அதே 100 டொலரின் பெறுமதி ஆவணத்தில் பவுணாக எழுதப்பட்டிருந்தால், அது 11 பவுண் 13 சிலிங் 4 பென்ஸ். 14.28ஆல் பெருக்கினால் 166 ரூபா 60 சதம். ஏழு வீதம் கூடுதல்.

மகனோ மருமகனோ லீவில் வரும்போது பழைய தாளாகக் கொண்டுவந்து கொடுத்த 100 டொலர் என்றால், 85 புதிய டொலர், 165 ரூபா 21 சதம். ஆறு வீதம் கூடுதல்.

முந்தின வாரம் மூன்றும் ஒரே 155.56. பினாங்கில் பழைய தாள் நட்டம் என்று கடையடைத்தார்கள். அதே தாள் யாழ்ப்பாணத்தில் ரூபாக் கணக்கில் சற்றுக் கூடியது, ஏனென்றால் ரூபா அதைவிட ஆழமாக இறங்கியது. ஒரே ஊரில் இரண்டு பென்சனியர்களில் ஒருவருக்கு மாதம் 39 ரூபா ஏறியதும் மற்றவருக்கு 11 ரூபா மட்டும் ஏறியதும் கணக்குப் புத்தகத்தில் கண்டால், அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பென்சன் கடிதத்தில் எழுதியிருந்த காசு வேறு, அவ்வளவுதான். பழைய தாள்கள் 1969 ஜனவரியோடு செல்லுபடியற்றவையானதால் மூன்றாவது கணக்கு அத்தோடு முடிகிறது.

நவம்பர் 18க்கும் இலங்கை முடிவுக்கும் இடைப்பட்ட சில நாட்களின் சீட்டு கையில் இருந்தால், எந்த வீதத்தையும் போடாதீர்கள். வங்கி வரவு வைத்த தொகை எதுவோ அதையே எடுங்கள். அனுப்பிய தேதி ஒரு வீதத்திலும் வரவு வைத்த தேதி இன்னொரு வீதத்திலும் விழும் வாரம் அது.

இந்தத் தெளிவும் ஆறு மாதம்தான் நிலைத்தது. 1968 மே மாதம் வெளிநாட்டுச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்தது. ஃபீக் என்று சுருக்கமாகச் சொன்னார்கள். ஒரே நாட்டில் ஒரே நாளில் ஒரே டொலருக்கு இரண்டு விலை. தேயிலை, றப்பர், தெங்கு ஏற்றுமதிக்கும் அரிசி, மா போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும் உத்தியோக வீதமான 5.95. மற்றைய பலவற்றுக்கும் அதன்மேல் 44 வீதம் கூடுதலான விலை. இந்தக் கூடுதல் 1969இல் 55 ஆகவும், 1972 நவம்பரில் 65 ஆகவும் ஏறியது.

நம் 100 மலேசிய டொலர் உத்தியோக வீதத்தில் 194.37. சான்றிதழ் சேர்ந்தால் 1968இல் 279.89, 1969 உயர்வுக்குப் பின் 301.27. எந்த வகைக்குள் போனது என்பதை ஆண்டைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. வங்கியின் வரவு அறிவிப்பில் சான்றிதழுக்கான தொகை தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்படைத் தொகை ஒரு கணக்கிலும் சான்றிதழ்த் தொகை பிறிதொரு வரவாகவும் பதியப்பட்டிருக்கலாம். முதல் வரியை மட்டும் பார்த்தவர் மூன்றில் ஒரு பங்கைத் தவறவிடுவார்.

இந்த இரட்டை வீதத்தின் விசித்திரம் இந்திய ரூபாவில் இன்னும் கூர்மையாகத் தெரியும். 1968இல் 7.50 இந்திய ரூபா ஒரு அமெரிக்க டொலர். உத்தியோக வீதப்படி 5.95 இலங்கை ரூபாவும் ஒரு டொலர், ஆகவே இலங்கை ரூபாதான் பெரியது: 100 இந்திய ரூபாவுக்கு 79 ரூபா 33 சதம். சான்றிதழோடு டொலருக்கு 8.57, ஆகவே 100 இந்திய ரூபாவுக்கு 114 ரூபா 24 சதம், இந்திய ரூபாதான் பெரியது. அந்த ஆண்டில் எது பெரிய ரூபா என்ற கேள்விக்கு இரண்டு நேர்மையான விடைகள் உண்டு. சர்வதேச அட்டவணைகள் பெரும்பாலும் உத்தியோக வீதத்தையே தருவதால், 1968–77 காலத்துக்கு அவற்றை மட்டும் நம்பி எழுதிய யாழ்ப்பாணக் கணக்குகளை மறுபடி பார்ப்பது அவசியம்.

1971 இறுதி முதல் இலக்கங்கள் வேகமாக மாறுகின்றன. மலேசிய டொலர் அமெரிக்க டொலருக்கு 2.82 ஆக உயர்ந்ததும் 100 மலேசிய டொலர் உத்தியோக வீதத்தில் 211 ரூபாவானது. 1972 நடுப்பகுதியில் இலங்கை ரூபாவை மீண்டும் பவுணில் கட்டினார்கள், பவுணோ அப்போது மிதக்கத் தொடங்கியிருந்தது. 1973 நடுப்பகுதியில் மலேசிய டொலரும் மிதக்கவிடப்பட்டது. இந்தக் காலத்துக்கு மாத வீதமே எடுங்கள்.

1973 மே மாதத்தில் மற்றுமொரு முறிவு உண்டு, பலர் கவனிக்காதது. அதுவரை மலேசிய டொலரும் சிங்கப்பூர் டொலரும் ஒன்றுக்கு ஒன்றாக மாறின. அந்த ஒப்பந்தம் அப்போது முடிந்தது. அதன் பின் சிங்கப்பூரிலிருந்து வந்த காசையும் கோலாலம்பூரிலிருந்து வந்த காசையும் ஒரே வீதத்தில் மாற்ற முடியாது. யாழ்ப்பாணத்தில் இரண்டையும் 'மலாயாக் காசு' என்றே சொல்லும் வழக்கம் பிறகும் நீடித்ததால் இந்தப் பிழை இலகுவில் நுழைகிறது. உறையின் முத்திரையைப் பார்த்தால் தெளிந்துவிடும். 1975இல் மலேசியக் காசுக்கு ரிங்கிற் என்ற பெயர் உத்தியோகமானது.

1977 நவம்பரில் ஜே. ஆர். ஜயவர்தன அரசு சான்றிதழ் முறையை நீக்கி இரண்டு வீதங்களையும் ஒன்றாக்கியது. அமெரிக்க டொலருக்கு 16 ரூபா. 100 ரிங்கிற் 650 ரூபாவைத் தாண்டியது. பத்தாண்டுகளுக்கு முன் 155.56 ஆக இருந்த அதே தொகை.

கணக்குப் போடும் ஒழுங்கைச் சொல்வதென்றால், முதல் வேலை வீதம் தேடுவதல்ல, ரூபாவில் எழுதிய சீட்டு இருக்கிறதா என்று தேடுவது. காணி உறுதியில் கிரயத் தொகை ரூபாவில் இருக்கும். கோயில் வரவு செலவுப் புத்தகத்திலும் கைக்கு வந்த ரூபாதான் இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் மாற்று வீதம் தேவையே இல்லை, சரிபார்க்க மட்டும் உதவும். 500 டொலருக்கு 777.78 வர வேண்டிய இடத்தில் 770 சொச்சம் இருந்தால் அது வங்கியின் வாங்கும் விலையும் கழிவும். வங்கிகள் 1 சிலிங் 6 பென்ஸைச் சுற்றி, பென்ஸை 16ஆகவும் 32ஆகவும் பங்கிட்டு விலை சொன்ன காலம் அது. ஒன்று ஒன்றரை வீதத்துக்கு உட்பட்ட வித்தியாசத்தை அப்படியே விட்டுவிடலாம். ஐந்து வீதத்தைத் தாண்டினால் தேதி பிழை, அல்லது காசு வேறு, அல்லது உண்டியல் வியாபாரி (வங்கிக்கு வெளியே காசு மாற்றித் தருபவர்) வழியாக வந்திருக்கிறது. உண்டியலுக்கு அட்டவணை கிடையாது. கட்டுப்பாடு இறுகிய அறுபது, எழுபதுகளில் அது உத்தியோக வீதத்துக்கு மேலே நின்றது.

சீட்டு இல்லையென்றால் தேதியை மாதம் வரை நிச்சயப்படுத்துங்கள். இரண்டு காசையும் ஒரே நாளில், ஒரே மூன்றாம் காசின் வழியாக மாற்றுங்கள். 1967 நவம்பருக்கு முன் பவுண், பின் அமெரிக்க டொலர் என்று வைத்தால் தடுமாற்றம் குறையும். ஒரு பக்கம் ஆண்டுச் சராசரியும் மறுபக்கம் ஆண்டு இறுதி வீதமும் எடுத்தால் விடை எந்த நாளுக்கும் சொந்தமாகாது. பழைய பட்டியல்களில் 'ரூபாவுக்கு இத்தனை பென்ஸ்' என்றும் 'பவுணுக்கு இத்தனை ரூபா' என்றும் இரு முறையும் கலந்திருக்கும். முதலாவதில் இலக்கம் ஏறினால் ரூபா வலுக்கிறது, இரண்டாவதில் ஏறினால் மெலிகிறது. 1919ஐத் தலைகீழாக வாசித்தவர்கள் இங்கேதான் வழி தவறியிருப்பார்கள்.

1950க்குப் பின்னான வீதங்களுக்கு மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகளே முதல் இடம். அதற்கு முன்னையதற்குக் குடியேற்றக் கால அரசின் ஆண்டு நீலப் புத்தகங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததில் இந்த ஊரின் பழைய பத்திரிகைத் தொகுப்புகள் பல போயின. அந்த இழப்பு இப்படி ஒரு சிறிய இலக்கத்தைத் தேடும்போதும் சுடுகிறது. 'நூலகம்' என்ற பெயருள்ள வலைத்தளத்தில் இந்து சாதனம், ஈழகேசரி போன்ற பழைய பத்திரிகைகளின் மின்வடிவ இதழ்களைத் தேடலாம். அதைவிட அருமையானவை வீட்டு றங்குப் பெட்டிகளில் கிடக்கும் பென்சன் கடிதங்களும் வங்கிச் சீட்டுகளும். வீடு இடிக்கும்போது அவற்றை எரிக்க விடாதீர்கள்.

ரூபாத் தொகை கிடைத்த பின் 'இன்றைய பெறுமதி' வேண்டுமென்றால் அதற்கு மாற்று வீதத்தைத் தொடவே கூடாது. 1952ஐ அடியாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணையும் அதன் பின்வந்த தொடர்களையும் இணைத்துப் பார்க்கலாம். அல்லது அந்த ஆண்டில் ஒரு பரப்புக் காணி, ஒரு மூடை நெல், ஒரு மேசனின் நாட்கூலி என்ன என்று அதே கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுத்து அருகில் வைக்கலாம். ஊர் மலருக்கு இரண்டாவது வழியே மேல் என்பது எம் கருத்து.

மலரில் அடைப்புக்குள் போடும் வரியையும் இப்படி அமைக்கலாம்: '1938இல் 500 மலாயா டொலர், பவுண் வழி வீதம் டொலருக்கு 1 ரூபா 55½ சதம், யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 778 ரூபா.' 1967 நவம்பருக்குப் பின் என்றால் அதோடு இரண்டு சொல் கூடும்: பழைய தாளா, புதிய டொலரா, பவுணா என்பது ஒன்று, 1968 மே முதல் 1977 நவம்பர் வரை என்றால், சான்றிதழ் சேர்ந்ததா இல்லையா என்பது மற்றது.